நடராஜாவாக வாழ்ந்த காமினி பொன்சேகா

செப்டெம்பர் 30ஆம் திகதி காமினி பொன்சேகாவின் நினைவு நாள். 2004ஆம் ஆண்டு அந்த நாளில் ஜா-எலவிலுள்ள தமது இல்லத்தில் அவர் காலமானார். சிங்களத் திரையுலகம் அவரைத் தனது முடிசூடா மன்னனாக இன்றும் போற்றுகிறது. தமிழர்களாகிய நமது பக்கத்தில் அந்த நாள் பெரும்பாலும் ஓசையின்றிக் கடந்துவிடுகிறது. எனக்கு அவ்வாறு கடந்துசெல்ல முடிவதில்லை. 1979இல் அவர் ஒரு திரைப்படத்தில் என்னைப்போன்ற ஒரு தமிழ் இலிகிதராக வாழ்ந்து காட்டினார். பதினாறு ஆண்டுகளின் பின்னர் எனது மாகாணத்தின் ஆளுநராக வந்தார். இந்த இரண்டு மனிதரும் ஒருவர்தானா என்ற கேள்வி நெடுங்காலம் எனக்குள் இருந்தது. அந்தக் கேள்வியே பிழையானது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

வடமராட்சியில் வளர்ந்த எனக்கு இளமையில் சினிமா என்றால் எம்.ஜி.ஆரும் சிவாஜியும்தான். சிங்களப் படம் என்று ஒன்று இருப்பதைச் செய்தித்தாள் விளம்பரங்களில் பார்த்ததோடு சரி. எழுபதுகளின் நடுப்பகுதியில் அரசாங்க வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்து, தெகிவளையில் ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் அறையொன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கினேன். அந்த வீட்டு முன்கூடத்தில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் காமினியின் படம் தொங்கியது. அவர் அந்த ஊரிலே பிறந்தவர் என்பதில் வீட்டுக்கார அம்மாவுக்குப் பெருமை. நானும் அவரை அறிந்துகொள்ளத் தொடங்கியது அங்கேதான்.

1936 மார்ச் 21ஆம் திகதி பிறந்த காமினி, கல்கிசை சென் தோமஸ் கல்லூரியில் படித்தவர். ஆங்கிலம் நன்கறிந்த, வசதியான வாழ்வுக்கு வாய்ப்பிருந்த இளைஞர். அப்படிப்பட்டவர்கள் சிங்களப் படத்தைத் திரும்பிப் பார்க்காத காலம் அது. 1947இல் வெளியான முதலாவது சிங்களப் பேசும்படம் முதற்கொண்டு அதன் பின் வந்த பல படங்கள் தென்னிந்தியக் கலையகங்களிலேயே உருவாகின. கதை, பாட்டு, நடிப்பு, காட்சியமைப்பு எல்லாவற்றிலும் தமிழ், ஹிந்திப் படங்களின் சாயல் படிந்திருந்தது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ படத்தை இலங்கைக் கிராமத்தின் வெயிலிலும் மரநிழலிலும் எடுத்தபோதுதான் அந்தப் போக்கு மாறத் தொடங்கியது. அந்தப் படத்தில் ஒளிப்பதிவுக் குழுவின் உதவியாளராகக் காமினி வேலைக்குச் சேர்ந்தார். அடுத்து, கித்துல்கலவில் டேவிட் லீன் படமாக்கிய ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்திலும் உதவியாளராக வேலை செய்தார். நடிகராவதற்கு முன்னர் கமெராவுக்குப் பின்னால் நின்று தொழில் பழகியவர் அவர். ஒரு நடிகன் எங்கே நிற்க வேண்டும், வெளிச்சம் எவ்வாறு முகத்தில் விழ வேண்டும் என்பவற்றை அவர் அங்கே கற்றார். பிற்காலத்தில் அவர் இயக்குநராகவும் விளங்கியதற்கு இந்த அடித்தளமே காரணம் எனலாம்.

1960இல் வெளியான ‘சந்தேசய’ அவரைக் கவனிக்க வைத்தது. லெஸ்டர் இயக்கிய அந்தப் படத்தைத் தயாரித்தவர் கே. குணரத்தினம் என்ற தமிழர். 1962இல் ‘ரன்முத்து தூவ’ அவரை நட்சத்திரமாக்கியது. சிங்களத்தின் முதலாவது வண்ணப்படமான அதனை, திருகோணமலைக் கடலில் மூழ்கி ஆராய்ந்துவந்த மைக் வில்சன் இயக்கினார். கடலடிக் காட்சிகளைப் பார்க்கச் சனம் திரண்டது. கட்டுடலும் கூரிய பார்வையும் கொண்ட இளைஞராகத் திருகோணமலைக் கடலில் அன்று காமினி நீந்தினார். முப்பத்து மூன்று ஆண்டுகளின் பின் அதே நகரத்துக்கு அவர் வேறொரு கோலத்தில் திரும்பி வரவேண்டியிருந்தது.

சண்டைப் படங்கள் தொடர்ந்தன. 1965இல் டைட்டஸ் தொட்டவத்த இயக்கிய ‘சண்டியா’ அவற்றுள் பெயர்பெற்றது. நமது ‘சண்டியன்’ என்ற சொல்லே சிறிய மாற்றத்துடன் அதன் தலைப்பாக இருப்பது தமிழ் வாசகருக்குச் சுவையான செய்தியாக இருக்கும். நடிகரின் பெயருக்காகவே மக்கள் நுழைவுச்சீட்டு வாங்குவது என்ற வழக்கத்தைச் சிங்களச் சினிமாவில் நிலைநிறுத்தியவர் காமினி. ஆனால், அந்தப் புகழே அவரைச் சிறைப்படுத்தியிருக்கக்கூடும். அவர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி 1963இல் லெஸ்டர் எடுத்த ‘கம்பெரலிய’வில் அவர் ஏற்றது ஜினதாசவின் பாத்திரம். நொடித்துப்போன பெருவீட்டுப் பெண்ணை மணந்து, குடும்பத்தைத் தாங்க முடியாமல், பொருள் தேடித் தூர தேசம் போய் ஏழையாகவே இறந்துபோகும் மனிதன் அவன். கைதட்டலுக்குரிய ஒரு காட்சிகூட இல்லாத பாத்திரம். தோள்வலிமைக்குப் பெயர்பெற்ற ஒருவர் அந்தத் தோள்களைத் தளரவிட்டு நடந்தார். 1965இல் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் அந்தப் படம் தங்க மயில் விருதைப் பெற்றது.

அடுத்த ஆண்டு ‘பரசதுமல்’ மூலம் இயக்குநரானார். 1971இல் டி.பி. நிஹால்சிங்க இயக்கிய ‘வெலிகதர’ வந்தது. சிங்களத்தின் முதலாவது சினிமாஸ்கோப் படமான அதன் களம் யாழ்ப்பாணக் குடாநாடு. கடத்தல்காரரை ஒடுக்க வடக்கே அனுப்பப்படும் பொலிஸ் அதிகாரி ரந்தெனியவாகக் காமினியும், அவரோடு மோதும் கோரிங் முதலாளியாக ஜோ அபேவிக்கிரமவும் நடித்தனர். வடக்கின் மணல்வெளி அந்தப் படத்தில் ஒரு பாத்திரமாகவே விரிகிறது. ஆனால், அந்த மணலில் தலைமுறை தலைமுறையாக நடந்த மக்கள் அதில் பின்னணியாகவே இருந்தனர். நான் இதனைக் குறையாகச் சொல்லவில்லை. தெற்கிலிருந்து வடக்கைப் பார்க்கும் பார்வை அன்று அவ்வளவில் இருந்தது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

1972இல் வந்த ‘நிதானய’ அவரது நடிப்பின் சிகரம். புதையல் ஒன்றை அடைவதற்குக் குறிப்பிட்ட அடையாளங்களுள்ள பெண்ணொருத்தியைப் பலியிட வேண்டும் என்று ஏட்டுச்சுவடியில் படிக்கும் வில்லி அபேநாயக்க, அத்தகைய பெண்ணைத் தேடிக் கண்டு, மணந்து, அவளது அன்பைப் பெற்று, இறுதியில் கொல்கிறான். இந்தக் கொடியவனைப் பார்த்து நமக்கு அருவருப்பே தோன்ற வேண்டும். காமினியின் முகத்தைப் பார்க்கும்போதோ, ஒரு மனிதன் தன் மனச்சாட்சியை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக விற்பதைக் கண்டு அஞ்சுகிறோம். வெனிஸ் விழாவில் விருது பெற்ற அந்தப் படம், 1997இல் இலங்கைச் சினிமாவின் பொன்விழாவின்போது ஐம்பது ஆண்டுகளின் தலைசிறந்த படமாகத் தெரிவுசெய்யப்பட்டது.

இவ்வளவு புகழுக்குப் பின்னர்தான் ‘சருங்கலே’ வந்தது. சிங்களத்தில் ‘சருங்கலே’ என்றால் பட்டம். சுனில் ஆரியரத்ன இயக்கிய அந்தப் படம் 1979இல் வெளியானது. அதில் கொழும்பில் அரசாங்க வேலை பார்க்கும் யாழ்ப்பாணத் தமிழ் இலிகிதர் நடராஜாவாகக் காமினி நடித்தார். 1958ஆம் ஆண்டு இனக்கலவரம் அந்த மனிதரின் வாழ்வை முடித்துவைக்கிறது. யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதித் தடிப்பையும் படம் மூடிமறைக்கவில்லை.

அது என்ன காலம் என்பதை இளைய வாசகர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். 1977 ஓகஸ்ட் கலவரம் நடந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. தமிழன் என்ற சொல்லுக்குத் தெற்கில் ஐயத்துக்குரியவன் என்ற பொருள் ஏறிக்கொண்டிருந்தது. சிங்களப் படங்களில் தமிழ்ப் பாத்திரம் என்றால் பெரும்பாலும் சிரிப்புக்குரியது. பேச்சுத் திரிந்தால் சனம் சிரிக்கும். அத்தகைய நாளில், சிங்கள மக்கள் தங்கள் வீரனாகக் கொண்டாடிய ஒருவர் அந்தத் தமிழனின் உடலுக்குள் புகுந்தார்.

கந்தோரில் என் மேசைக்கு எதிரே இருந்த சிங்கள நண்பர்தான் என்னை அந்தப் படத்துக்கு அழைத்துச் சென்றார். நான் அச்சத்தோடு போனேன். நம்மைக் கேலி செய்வார்கள் என்பதே என் எதிர்பார்ப்பு. நடராஜா சிங்களம் பேசத் தொடங்கியதும் முன்வரிசையில் சிலர் சிரித்தனர். நான் கூனிக் குறுகினேன். ஏனெனில் அது என் சிங்களம். சொற்களைச் சரியாகக் கோத்து, ஆனால் ஒலியிலே ஊரைக் காட்டிக்கொடுக்கும் அந்தப் பேச்சை நான் நாள்தோறும் கந்தோரில் பேசினேன். சிறிது நேரத்தில் சிரிப்பு அடங்கியது. அந்த மனிதரின் கூச்சமும், வீட்டுக்குப் பணம் அனுப்பும் பொறுப்பும், தனக்குரிய இடமல்லாத இடத்தில் யாருக்கும் இடைஞ்சலின்றி வாழ முயலும் பணிவும் அரங்கை அமைதியாக்கின. இறுதிக் காட்சியில் எனக்குப் பின்னால் ஒரு பெண் விம்மியது கேட்டது. நடராஜாவுக்காக ஒரு சிங்களத் தாய் அழுதாள். அது எனக்குப் புதியது.

வெளியே வந்து நானும் நண்பரும் தேநீர்க் கடையொன்றில் நின்றோம். இரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் வேலை செய்தும் அதுவரை கேட்காத ஒன்றை அவர் அன்று கேட்டார். எனது ஊர் எது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். அந்தப் பேச்சு கடைசி பஸ் வரும்வரை நீண்டது.

1983 ஜூலை வந்தது. தெகிவளை வீட்டுத் தெருவிலும் கும்பல் வந்தது. சிங்களச் சினிமாவும் அன்று எரிந்தது. குணரத்தினம் ஹெந்தளையில் நிறுவிய விஜயா கலையகம் தீக்கிரையானது. சிங்களப் படங்களை இயக்கிவந்த கே. வெங்கட் என்ற தமிழர் கொல்லப்பட்டார். நடராஜாவின் கதையைப் பார்த்து அழுத நகரமே நான்கு ஆண்டுகளுக்குள் எத்தனையோ நடராஜாக்களைத் தெருவில் எரித்தது. கலை மனிதரைத் திருத்தும் என்று மேடைகளில் பேசுவோரைக் கேட்கும்போது இந்த நான்கு ஆண்டுகளே என் நினைவுக்கு வருகின்றன.

ஆயினும் இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நன்றிகேடு. அந்த இரவு என்னைத் தமது வீட்டில் ஒளித்துவைத்து, மறுநாள் முகாமில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அதே கந்தோர் நண்பர்தான். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததால் அவ்வாறு செய்தாரா, அல்லது அவ்வாறு செய்யக்கூடியவராக இருந்ததால் அந்தப் படத்துக்கு என்னை அழைத்துச் சென்றாரா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினேன். பிறகு யாழ்ப்பாணத்துக்கே இடமாற்றம் கிடைத்தது.

அதே 1983இல் வெளியான ‘யுகாந்தய’வில் காமினி தொழிலதிபர் சைமன் கபலானவாக நடித்தார். தந்தையின் சுரண்டலை எதிர்த்துத் தொழிலாளர் பக்கம் நிற்கும் மகன் மாலினாக நடித்தவர் ரிச்சர்ட் டி சொய்சா. கதையில் அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் இடையே நிகழும் மோதலை வாழ்க்கை வேறொரு வகையில் எழுதியது. 1989 பொதுத்தேர்தலில் காமினி ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் மாத்தறை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்று, பிரதி சபாநாயகரானார். தெற்கில் இளைஞரின் சடலங்கள் ஆறுகளில் மிதந்த காலம் அது. 1990 பெப்ரவரி 18ஆம் திகதி, ஊடகவியலாளரான ரிச்சர்ட் தமது வீட்டிலிருந்து கடத்திச் செல்லப்பட்டார். அவரது உடல் மொரட்டுவைக் கடலில் கிடைத்தது. அவருடைய தாயார் மனோராணி சரவணமுத்து ஒரு தமிழ் மருத்துவர். மகனுக்கு நீதி கேட்டு அவர் நாடெங்கும் குரல் எழுப்பினார். குற்றவாளி என்று எவரும் தண்டிக்கப்படவில்லை. திரையில் அந்த மகனுக்குத் தந்தையாக நின்றவர், ஆளுங்கட்சியின் பிரதிநிதியாக 1994 வரை சபையின் உயர்ந்த ஆசனங்களில் ஒன்றில் இருந்தார்.

அவரது தலைமுறையை அடுத்து வந்த நட்சத்திரமான விஜய குமாரதுங்க வேறு பாதையில் சென்றவர். 1984இல் தனிக் கட்சி தொடங்கினார்; 1986இல் யாழ்ப்பாணம் வந்து புலிகளுடன் பேசினார்; 1988 பெப்ரவரியில் தமது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய துணைவியார் சந்திரிகா ஜனாதிபதியான பின்னர், 1995இல் காமினியை வடக்கு கிழக்கு மாகாண ஆளுநராக நியமித்தார். சமாதானம் வரும் என்று நாங்கள் நம்பியிருந்த காலத்தின் தொடர்ச்சி அது. நடராஜாவாக நடித்தவர் வருகிறார் என்றால் நம்மைப் புரிந்தவர் வருகிறார் என்பதுதானே பொருள் என்று யாழ்ப்பாணத்தில் சிலர் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பதவியின் இயல்பை இங்கே சொல்ல வேண்டும். 1990இல் மாகாண சபை கலைக்கப்பட்டுவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சரோ அமைச்சர்களோ இல்லாத மாகாணத்தின் நிர்வாகம் ஆளுநரின் கையிலேயே இருந்தது. திருகோணமலைச் செயலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கைகள் அவரது அங்கீகாரத்துடன் வந்தன. இடமாற்றம், பதவியுயர்வு, பாடசாலை, வைத்தியசாலை, சிறு வீதி இவையெல்லாம் அவரது அதிகாரத்தின் எல்லைக்குள் இருந்தன. போர் அந்த எல்லைக்குள் இல்லை. குண்டு எங்கே விழ வேண்டும், உணவும் மருந்தும் எந்த அளவில் வடக்குக்குப் போகலாம் என்பவற்றை வேறு இடத்தில் வேறு மனிதர்கள் முடிவு செய்தார்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறினோம். அப்போது நான் கொக்குவிலில் குடியிருந்தேன். மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் அடியடியாக நகர்ந்தனர். சைக்கிளில் என் தாயாரை இருத்தி, ஒரு பெட்டியைக் கட்டி, நான் தள்ளிக்கொண்டு போனேன். அந்தப் பெட்டிக்குள் எனது சேவைப் பதிவுகளும் சில சுற்றறிக்கைகளும் இருந்தன. எங்கள் மாகாணத்துக்கு ஓர் ஆளுநர் இருக்கிறார் என்ற நினைவு அந்தப் பாலத்தருகே எனக்கு வந்தது. அன்று நான் அவர்மீது கொண்ட கோபம் பெரிது. நடராஜாவை அறிந்தவர் எங்கே போனார் என்று மனம் கேட்டது.

1998 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். பிறகு பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினார். ஆறு ஆண்டுகளில் காலமானார். சபையும் ஆளுநர் மாளிகையும் அவருக்கு எந்தப் பெருமையையும் சேர்க்கவில்லை என்பது என் கருத்து. அவர் ஏற்ற பாத்திரங்களிலே மிகவும் வலுவற்றது ஆளுநர் பாத்திரம்தான். அதற்கு வசனம் எழுதியவர்கள் வேறு, இயக்கியவர்கள் வேறு. ‘நிதானய’விலும் ‘வெலிகதர’விலும் ஒரு பாத்திரத்தின் உள்ளே புகுந்து அதன் வரம்பை உடைத்தவர், அரசியலில் தமக்குக் கொடுக்கப்பட்ட இடத்திலே நின்றார். அவர் பதவி விலகியிருக்க வேண்டும், குரல் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்வோரின் பக்கத்தில் நியாயம் உண்டு. திரையில் மனச்சாட்சியை அவ்வளவு நுட்பமாகக் காட்டியவரிடம் நாம் அதனை எதிர்பார்த்தது இயல்பே.

ஆனால், அந்த எதிர்பார்ப்பில் நமது பிழையும் இருந்தது. ஒரு நடிகர் ஏற்ற வேடத்தை அவர் நமக்குக் கொடுத்த வாக்குறுதியாக நாம் எடுத்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் திரையிலிருந்து கோட்டைக்குப் போனவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தப் பிழை எளிதில் வரும். உரிமையைச் சட்டமும் அமைப்பும்தான் காக்க வேண்டும். ஒரு மனிதரின் நல்லெண்ணம் அதற்கு ஈடாகாது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லாத மாகாணத்துக்கு நடராஜாவே ஆளுநராக வந்திருந்தாலும், ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு அந்தப் பாலத்தில் நாங்கள் நடந்துதான் இருப்போம்.

அண்மையில் ‘சருங்கலே’யை என் பேத்தியுடன் இருந்து மறுபடியும் பார்த்தேன். அவளுக்குச் சிங்களம் தெரியாது; நான் அருகிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த நடிகர் தமிழர்தானே என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்ப மறுத்தாள். நான் அதற்குமேல் எதுவும் விளக்கவில்லை. ஆளுநரின் பெயர் அவளுக்குத் தெரியாது. நடராஜாவை அவள் மறக்கப்போவதில்லை.